மைக்கு ராணியின் லெந்து நாட்கள்

16-02-2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். போதகர் இனியவன் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் சபைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, முப்பத்தொரு வயது. என்ன சொன்னாலும் கோபம் வராது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"அம்மா, உங்க ஜெபம் நல்லா இருக்குது. மூணு நிமிஷத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

மூன்று நிமிடமா? மூன்று நிமிடத்தில் நான் ஸ்தோத்திரமே சொல்லி முடித்திருக்க மாட்டேன். அதற்கப்புறம் தேசம், மாநிலம், மாவட்டம், விருத்தாசலம், செராமிக் பேட்டை, எங்கள் சபை, சபையில் படுத்திருப்பவர்கள், பரீட்சை எழுதுபவர்கள் என்று வரிசையாக வர வேண்டாமா? நடுவில் யாரையாவது விட்டுவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் என் முகத்தில் விழிப்பார்களா?

எனக்குப் பாட வராது. எட்டாவதுக்கு மேல் படிப்பு இல்லை. கர்த்தர் எனக்குக் கொடுத்த ஒரே தாலந்து வாய்தான். இந்த நாற்பத்தெட்டு வயது வரைக்கும் இதை வைத்துத்தான் அவருக்கு ஊழியம் செய்துகொண்டிருக்கிறேன். நான் பூமியில் எதற்கு இருக்கிறேன் என்று யாராவது கேட்டால், ஜெபிக்க என்று பட்டென்று சொல்லிவிடுவேன். இதற்குப் போய் மூன்று நிமிடமாம்.

தனபாலிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர், பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். "சின்ன வயசு, தைரியமா சொல்லிட்டாரு. நான் இருவத்தஞ்சு வருஷமா சொல்ல முடியல" என்றார். இன்றைய குழம்பில் அவருக்குக் கறி இரண்டு துண்டு குறைவு.

20-02-2025, வியாழன்

இன்று ஐந்நூற்றுப் பத்து கட்டை முடித்தேன். பக்கத்தில் ஆண்டாள் ஐந்நூற்று நாற்பது. ஏழு வருடமாகச் செராமிக் பேட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு எடுக்கிறோம். அச்சிலிருந்து வந்த, இன்னும் சுடாத பச்சைக் கட்டையில் ஓரமாக ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் சூளைக்குப் போய்விடும். அவள் கை ஓடும், வாய் ஓடாது. எனக்கு எதிர்.

ஆண்டாளுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் செத்து ஒன்பது வருடம். மகன் பிரவீன்குமார் வேப்பூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இங்கே ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஏழு வருடமாக அவளுக்கு நான் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏழு வருடமாக அவள் வெள்ளிக்கிழமை கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

04-03-2025, செவ்வாய்

ஆண்டாள் இன்று ஒரு விஷயம் சொன்னாள்.

சூளை வண்டியில் சரக்கு ஏற்றுகிற காத்தவராயன் இருக்கிறாரே, மனைவியை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது இருக்கும், அவரை இவள் கட்டிக்கொள்ளப் போகிறாளாம்! இரண்டு வருடமாகப் பேசிப் பழகி முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு வருடம்! நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்ததில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

"பங்குனி போவட்டும். சித்திர பொறந்த அன்னைக்கு நானே வேப்பூருக்குப் போயி புள்ளகிட்ட என் வாயால சொல்லணும். அவன் சரின்னாதான். அது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதக்கா. உங்கிட்ட கூட சொல்லியிருக்க மாட்டேன், நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்குது."

சத்தியம் செய்யச் சொன்னாள். நாங்கள் சத்தியம் செய்யக்கூடாது, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும்தான் சொல்லவேண்டும் என்று விளக்கினேன். பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு கேட்டேன், ஆண்டவரிடம் மட்டும் சொல்லட்டுமா என்று.

"அவரு போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டாருல்ல? சொல்லிக்க" என்றாள்.

05-03-2025, சாம்பல் புதன்

லெந்து ஆரம்பம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஒன்றை விடவேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். நான் டீயை விட்டேன். தனபால் பாகற்காயை விட்டாராம். அவர் பாகற்காய் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

07-03-2025, வெள்ளி

தலைவலி. சொல்லவில்லை.

10-03-2025, திங்கள்

இன்றும் யாரிடமும் சொல்லவில்லை. வயிறு உப்பினாற்போல் இருக்கிறது. தனபால் "என்னா, கம்முனு இருக்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். டீ விட்டதால் என்று சொல்லி வைத்தேன்.

14-03-2025, வெள்ளி

ஐயோ. நான் என்னா பண்ணிட்டேன். ஆண்டவரே, நான் என்னா பண்ணிட்டேன்.

முதலில் இருந்து எழுதுகிறேன். காலையில் உபவாச ஜெபம், பகல் ஒரு மணி வரைக்கும். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடைசி ஜெபத்தை என்னிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்தேன். மனதில் இந்தப் பாரம் பத்து நாளாக இருக்கிறது. ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ள அவளே உத்தரவு கொடுத்திருக்கிறாள். எனவே இறக்கி வைத்தேன்.

பெயர் சொல்லவில்லை. இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன், பெயர் சொல்லவே இல்லை. "பெயரைச் சொல்ல மாட்டேன் ஆண்டவரே, உமக்கே தெரியும்" என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அவரிடம் எத்தனை கோடிப் பேர் ஜெபிக்கிறார்கள். எந்த ஊர், எந்த விதவை என்று அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாமே என்று, "எங்க யூனிட்ல எனக்கு வலது கைப்பக்கம் உக்காந்து பிசிறு எடுக்கிற சகோதரி" என்றேன். "மகன் வேப்பூர்ல பரோட்டா போடுறார்" என்றேன். மாப்பிள்ளை பக்கமும் தெளிவாக இருக்கட்டும் என்று, "சூளை வண்டியில சரக்கு ஏத்துற சகோதரன், காதுல முடி இருக்கும்" என்றேன். "இந்த ரெண்டு பேரையும் சித்திரையில சேர்த்து வையும். அதுவரைக்கும் இந்த விஷயம் ஒரு மனுஷருக்கும் தெரியாம நீரே உம்முடைய செட்டைகளாலே மறைத்துக் காத்துக்கொள்ளும்" என்று கண்ணீரோடு கேட்டேன்.

இன்று சாயங்காலம் தொடங்கி மூன்று நாள் நற்செய்திக் கூட்டம். அதற்காக சவுண்டு சர்வீஸ்காரர் எங்கள் சபைக் கோயிலிலிருந்து செராமிக் பேட்டை கேட் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார். சரியாக வேலை செய்கிறதா என்று பன்னிரண்டு மணிக்கே போட்டும் விட்டிருக்கிறார். எனக்கு யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் ஆமென் சொல்லிவிட்டு வெளியே வந்தால் டீக்கடைக்காரர் "ஆமென்" என்கிறார். அவர் நம் சபை இல்லையே என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கேட்டில் வாட்ச்மேன் சிரித்தார். எங்கள் கொட்டகை கேட்டிலிருந்து மூன்றாவது. சாப்பாட்டு நேரம். எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டிருக்கிறார்கள்.

ஆண்டாள் தலை நிமிரவில்லை.

"ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்றன்னு சொன்னியேக்கா."

"ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்" என்றேன்.

"அவரு எங்க இருக்காரு, கேட்டாண்டயா?"

கத்தியை எடுத்துக்கொண்டு என் பலகைக்குத் திரும்பினேன்.

15-03-2025, சனி

ஆண்டாள் தன் பலகையையும் ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டாள். சூளையில் காத்தவராயனை எல்லோரும் மாப்ளே, மாப்ளே என்கிறார்கள். மதியம் அவர் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "ராணிம்மா, மத்ததெல்லாம் சரி. காது முடிய எதுக்கு சொன்னீங்க?" என்றார்.

காதைப் பார்த்தேன். மழித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

16-03-2025, ஞாயிறு

போதகர் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை, நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இவர் தண்ணீர் கொடுக்கிறார்.

"அம்மா, நீங்க டீய விட்டது போதாதுன்னு நெனக்கிறேன். ஈஸ்டர் வரைக்கும் சத்தமா ஜெபிக்கிறத விட்டுப் பாருங்களேன். கோயில்லயும் சரி, வூட்லயும் சரி. மனசுக்குள்ள ஜெபிங்க."

"அது எப்படிங்கய்யா ஜெபம் ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நானும் யோசிச்சிருக்கேன். நீங்க கண்டுபுடிச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். வாயை எடுத்துவிட்டால் என்னிடம் மீதி என்ன இருக்கிறது? கோயில் கூட்ட வேறு ஆள் உண்டு. பாட ஆள் உண்டு. நான் எதற்கு இருக்கிறேன் என்று இன்று யாராவது கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

19-03-2025, புதன்

மனதுக்குள் ஜெபிக்க முழங்காலில் நின்றேன். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" முடிவதற்குள் தேங்காய்ச் சட்னி. சட்னியைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினால் கருவேப்பிலங்குறிச்சியில் பத்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தது. சத்தமாக ஜெபித்தபோது இதெல்லாம் எங்கே இருந்தன?

எழுந்து மணி பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

22-03-2025, சனி

இன்று நான் ஒட்டுக்கேட்கவில்லை. காயப்போட்டிருந்த கட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன், பலகைக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசினார்கள், அவ்வளவுதான்.

ஆண்டாள் சொன்னாள்: "தெனம் சாயங்காலம் போனு போடுற புள்ள. எட்டு நாளா போடல. யாரோ சொல்லிட்டாங்க அவன்கிட்ட. என்னை அறுத்துட்டான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான். வேணாங்க, வுட்டுடலாம்."

அப்புறம் காத்தவராயன் சூளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

இரண்டு வருடம் அவர்கள் பொத்திப் பொத்தி வளர்த்ததை நான் ஒரு ஜெபத்தில் முடித்துவிட்டேன். என்னால சோறு திங்க முடியல. வெறும் தட்டைக் கழுவி வைத்தேன்.

23-03-2025, ஞாயிறு

கோயில் முடிந்ததும், சேத்தியாத்தோப்பில் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனபாலிடம் சொல்லிவிட்டு வேப்பூர் பஸ் ஏறினேன். பொய்தான். லெந்து நாளில் பொய். இதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிரவீன்குமாரிடம் என்ன பேசவேண்டும் என்று பஸ்ஸில் தயாரித்தேன். ஆதாம் ஏவாளிலிருந்து தொடங்கி, மனுஷருடைய நாவு எப்படிப்பட்டது என்று வந்து, என் குற்றத்தைச் சொல்லி, அவனுடைய பெரிய மனதை வேண்டி முடிப்பதாகத் திட்டம். நன்றாகவே வந்திருந்தது.

நெடுஞ்சாலை ஓட்டல். வாசலிலேயே பரோட்டாக் கல். சென்னை போகிற பஸ் ஒன்று நின்றிருக்கிறது, சனம் மொய்க்கிறது. பையன் ஆண்டாள் ஜாடை, வியர்வையில் குளித்திருந்தான். உங்கம்மாவோடு வேலை செய்கிற ராணி என்றேன். ஏற இறங்கப் பார்த்தான்.

"மைக்கு ராணியா?"

பேட்டையில் எனக்கு வைத்த பெயர் இங்கே வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம் என்றேன். "தம்பி, ஆதியிலே தேவன்..." என்று தொடங்கினேன்.

"யம்மா, கல்லு காயுது. சுருக்கமா சொல்லுங்க."

தயாரித்ததெல்லாம் எங்கே போனதோ. "தப்பு என்னுது தம்பி. உங்கம்மா என்னை நம்பி சொன்னா. நான் காப்பாத்தல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் ஆறு பரோட்டாவைத் திருப்பிப் போட்டான். தட்டினான். எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம்தான் பேசினான்.

"எனக்கு அவரு மேல கோவம் இல்லம்மா. எங்கம்மா தனியா கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எங்கம்மா கல்யாண சேதிய ஒரு லாரி டிரைவரு, சால்னா ஊத்திக்கிட்டே எங்கிட்ட சொல்றான். எப்படி இருக்கும் எனக்கு? அத நான் எங்கம்மா வாயால கேக்கணும். அதுவா வந்து சொல்லணும். அது வரைக்கும் நான் எதுவும் கேள்விப்படல."

"ஏன் தம்பி போன் பண்ணல? அவ அழுவுறா."

"பேசுனா வாய் தவறி கேட்டுடுவேன். அதான் பண்ணல." மாவை உருட்டிக்கொண்டே சொன்னான். "நீங்க வந்தத அம்மாகிட்ட சொல்லக் கூடாது. நான் சொன்னதயும் சொல்லக் கூடாது. போயி சொல்லுன்னு அனுப்பி வைக்கவும் கூடாது. நீங்க சொல்லி அது வந்தா, அப்பறம் இதுவும் உங்க மைக்குல வந்த சேதிதான்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

"நீங்களா?" என்று கேட்டான். சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்றும் நான்கு பரோட்டாவும் சால்னாவும் கட்டிக் கொடுத்தான். பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். தனபால் கவரை எடுத்துப் பார்த்தார். ஓட்டல் பெயருக்குக் கீழே வேப்பூர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சேத்தியாத்தோப்பு கிழக்கே, வேப்பூர் மேற்கே.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கவரை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "சால்னா நல்லா இருக்குது" என்றார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு இன்று சத்தமாகவே ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன். சொல்லக் கூடாதே.

27-03-2025, வியாழன்

கஷ்டமாக இருக்கிறது.

ஆண்டாள் அழுத கண்ணோடு வருகிறாள். என் நாக்கு நுனியில் மருந்து இருக்கிறது. "ஒம் புள்ளைக்குக் கோவமே இல்லடி" என்று ஒரு வரி போதும். அவள் என்னை மறுபடி அக்கா என்று கூப்பிடுவாள். வேப்பூர் வரைக்கும் எனக்காகப் போனியா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் காட்சியை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்துவிடுகிறேன். அவளுக்காக ஏங்குகிறேனா, எனக்காக ஏங்குகிறேனா?

தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயம். தனபாலிடம் கேட்டேன். "நீ பேசாம இருக்கற ஒரே நேரம் அதுதான்" என்றார்.

30-03-2025, ஞாயிறு

இன்று கோயிலில் கண்ணை மூடியபோது சட்னி வரவில்லை. ஆண்டாள் வந்தாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஆண்டவரிடம் கொண்டுபோவது எனக்கு இதுவே முதல் தடவை. இதற்கு முன்னால் அவரிடம் நான் சொன்னது எல்லாவற்றையும் சபையும் சேர்ந்துதான் கேட்டது. யாருக்கு முதலில் சொன்னேன், அவருக்கா, பின்வரிசைக்கா?

வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

03-04-2025, வியாழன்

காத்தவராயன் இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாக சூப்பர்வைசர் சேரனிடம் சொல்லிவிட்டாராம். திருப்பூரில் அண்ணன் இருக்கிறாராம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்தேன் என்று எழுதினால் சும்மா சொல்வதாக நினைப்பேன் பின்னாளில். நிஜமாகவே கடித்தேன். மத்தியானம் ரசம் எரிந்தது.

12-04-2025, சனி

திங்கட்கிழமை சித்திரை ஒன்று. லீவு நாள்தான், ஆனால் அவசர ஆர்டர், எல்லோரும் வரவேண்டும் என்று சேரன் சொன்னார்.

மறுகோடியிலிருந்து ஆண்டாள் எழுந்தாள். "எனக்கு அன்னைக்கு வேப்பூரு போவணும்" என்றாள். நான் சொல்லவில்லை! நான் ஒன்றுமே சொல்லவில்லை! அவளாகத்தான்!

"என்னா அவசரம்?"

"என் புள்ளகிட்ட ஒரு சேதி சொல்லணும். ஊரே சொல்லிட்டுது, நான் இன்னும் சொல்லல. அவன் மூஞ்சியில துப்பினாலும் நான் சொல்லணும்ல?"

சேரன் முடியாது என்றார். ஆளுக்கு ஐந்நூறு கட்டை, ஒருத்தர் குறைந்தாலும் சூளை வண்டி நிரம்பாது என்றார். நியாயம்தான்.

"அவ கட்டையையும் நானே முடிக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். அதற்கு மேல் விளக்கம் எதுவும் கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டேன். சேரன் காத்திருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்று. வரவில்லை என்றதும் சரி என்றார். ஆண்டாள் என் பக்கம் திரும்பவில்லை.

14-04-2025, திங்கள்

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். ஆயிரம் கட்டை. முந்நூறில் முதுகு போயிற்று, எழுநூறில் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வலது கைப்பக்கம் காலி.

ஒவ்வொரு கட்டையைச் சுரண்டும்போதும் அவளை நினைத்தேன். இப்போது பஸ் ஏறியிருப்பாள். இப்போது இறங்கியிருப்பாள். இப்போது கல்லுக்கு முன்னால் நிற்பாள். வார்த்தையாக ஒன்றும் கேட்கவில்லை, ஆண்டவரே என்று மட்டும். கடைசிக் கட்டையைத் துடைத்து வைத்தபோதுதான் தோன்றியது, காலையிலிருந்து ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம். போதகரின் மூன்று நிமிடத்தை இதற்கு முன்னால் நான் இவ்வளவு மோசமாக மீறியதில்லை.

15-04-2025, செவ்வாய்

ஆண்டாள் வரவில்லை.

16-04-2025, புதன்

இன்றும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லையாம். மத்தியானத்துக்கு மேல் காத்தவராயனும் இல்லை.

17-04-2025, வியாழன்

இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள் என்று கொட்டகையில் பேச்சு. பையன் அடித்துத் துரத்திவிட்டான், அவமானத்தில் அவள் எங்கோ போய்விட்டாள் என்று இன்னொரு பேச்சு. என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். "ஒனக்குத் தெரியாம இருக்குமா ராணிக்கா? சொல்லு" என்றார்கள். எல்லா முகமும் என்னைப் பார்க்கிறது. முன்பெல்லாம் இதற்காகவே உயிர் வாழ்ந்தேன்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. பையன் மனசு மாறிவிட்டானா? அன்றைக்குச் சொன்னது நடிப்பா? ஆண்டாளே, எங்க போய்த் தொலஞ்ச? ஒரு போன் பண்ண மாட்டியா?

20-04-2025, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை. போதகர் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ஜெபிக்கலாம்" என்று மைக்கை நீட்டினார். சபையில் ஒரு நடுக்கம் ஓடியதை நானே பார்த்தேன். பூங்கோதை அக்கா பேரனை மடியில் படுக்கவைத்துத் தட்டத் தொடங்கிவிட்டார்.

"ஆண்டவரே, உயிர்த்தெழுந்தீர். ஸ்தோத்திரம். எங்களுக்குத் தெரியாதது உமக்குத் தெரியும். ஆமென்."

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. நான் மூச்சு வாங்குகிறேன் என்று காத்திருக்கிறார்கள். போதகர்தான் கடைசியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். வெளியே வந்ததும் தனபால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

டீ குடித்தேன். நாற்பது நாளாக இதற்கா ஏங்கினேன்? சக்கரை தூக்கல்.

21-04-2025, திங்கள்

காலையில் நான் போனபோது என் வலது கைப்பக்கம் ஆண்டாள் உட்கார்ந்திருந்தாள். பலகை, கத்தி, ஸ்பாஞ்சு எல்லாம் பழைய இடத்தில். சூளைப் பக்கம் காத்தவராயன் விசிலடித்துக்கொண்டே வண்டி தள்ளுகிறார்.

அவள்தான் பேசினாள். அவள் பேசி நான் கேட்டேன், ஏழு வருடத்தில் முதல் தடவை.

"அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா! அத்தினி லாரிக்காரனுங்க அங்க போயி திங்கிறானுங்க, ஒருத்தன் கூட வாயத் தொறக்கல பாரேன். நான் சொன்னதும் அப்படியே கரண்டியக் கீழ போட்டுட்டு நிக்கிறான். நெசமாவாம்மா, நெசமாவாம்மான்னு கேக்குறான். ஒரு வாரம் இருந்துட்டுப் போன்னு புடிச்சி வெச்சிக்கினான். ரெண்டு நாளு கழிச்சி இவருக்குப் போனு பண்ணி இவரயும் வரச் சொன்னான். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டோம்."

"ஏன் போனே பண்ணலையாம் அத்தன நாளா?"

"கண்ணாடி ஒடஞ்சிடுச்சாம் போன்ல." அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் என்னென்னவோ நெனச்சிக்கினு கெடந்தேன். உன் மைக்கு வேப்பூரு வரைக்கும் கேக்கலக்கா. உம்மேல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சி."

"அப்படியா!" என்றேன். வாயைப் பிளந்தேன். நடிக்கத் தெரியாது எனக்கு, சரியாகத்தான் பிளந்தேனா தெரியவில்லை.

கொஞ்ச நேரம் சுரண்டினோம். பிறகு அவள் கையை நிறுத்தினாள்.

"கெளம்பும்போது ஒண்ணு கேட்டான். ராணிம்மாவுக்கு பரோட்டா புடிச்சுதான்னு."

என் கையில் இருந்த கட்டை உடைந்துவிட்டது.

"எந்த ராணியோ" என்றேன். "ஓட்டலுக்கு ஆயிரம் பேர் வருவாங்க."

அவள் என்னையே பார்த்தாள். நான் உடைந்த கட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன், ஸ்பாஞ்சைப் பிழிந்தேன், இன்னொரு தடவையும் பிழிந்தேன். என் பலகையிலிருந்து ஒரு கை கட்டைகளை அள்ளித் தன் பலகையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஆயிரம் முடித்ததில் விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை என்பதைப் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் கை கழுவும்போது, காதருகே வந்து கல்யாணத் தேதியைச் சொன்னாள். இன்னும் மகனுக்கே சொல்லவில்லையாம்.

தேதியை இங்கே எழுதவில்லை.